பிடுங்கிய செடிக்கு இனி மதிப்பெண் வேண்டாம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் தாவரவியல் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

இளநிலைத் தாவரவியல் மாணவர்கள் செய்முறைத் தேர்வன்று ரெக்கார்டு நோட்டோடு ஹெர்பேரியம் தாள்களையும், அதாவது செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள்களையும், கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. நான் படித்த காலத்தில் இருந்தது, இன்றும் பல கல்லூரிகளில் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை வேறொரு வேலைக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். காட்டுச்செடியை அது முளைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, பார்க்கிறவர் இன்ன செடி என்று சொல்லக்கூடிய விதத்தில் படமெடுத்து, இடம், தேதி, குறிப்போடு பொதுத்தளத்தில் பதிவிடுவதுதான் அந்த வேலை.

நான் தாவரவியல் படித்தவள். பிழைப்பு வேறு துறையில். மாலையில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் உயிரினப் படங்களை யாரும் பதிவிடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இரண்டு இணையத்தளங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து ஏறும் செடிப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரிந்ததற்குப் பெயர் சொல்வேன், தவறாக இருந்தால் திருத்துவேன். கல்லூரி மாணவர்களின் படங்கள் நிறைய வரும். அவற்றைப் பார்த்துப் பார்த்து வந்த கவலையும் நம்பிக்கையும் சேர்ந்துதான் இப்படி எழுத வைத்தது.

முதலில் தாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பில் 40 பேர், ஆளுக்கு 10 தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் ஒரே துறையிலிருந்து 400 செடிகள். தேர்வு முடிந்ததும் அவை எங்கே போகின்றன என்பது உங்களுக்கே தெரியும். ஆய்வக அலமாரியின் மேல் கொஞ்ச காலம் கட்டுக்கட்டாகக் கிடக்கும், பூச்சி அரிக்கும், அடுத்த பேட்ச் தாள்கள் வந்ததும் இடம் வேண்டுமென்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். லேபிளைப் படித்தால் 'சேகரித்த இடம்: கல்லூரி வளாகம்' என்று தாளுக்குத் தாள் அதே வரி. தேதி பெரும்பாலும் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய வாரம். சீனியரிடம் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிய தாள்களும் உண்டு. இவற்றை எந்த ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை.

வளாகத்துக் குப்பைமேனியையும் தும்பையையும் பிடுங்குவதால் பெரிய இழப்பு வந்துவிடாது, சரி. டூர் போகும்போது நடப்பதுதான் மனதை அறுக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என்று ஆண்டுதோறும் பேருந்துகள் ஏறுகின்றன. சாலையோர ஈரப் பாறையில் ட்ரோசெரா என்ற பூச்சியுண்ணும் செடி தெரிந்தால் பத்துக் கைகள் ஒன்றாக நீளும். ட்ரோசெரா பர்மானி முழுச்செடியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம்தான். தரையோடு ஒட்டிக் கிடக்கும் அதை வேரோடு பெயர்க்காமல் தாளில் ஒட்ட முடியாது. அடுத்த பேருந்தும் அதே வளைவில்தான் நிற்கும். ஏனென்றால் 'ட்ரோசெரா கிடைக்கும் இடம்' என்று அந்தப் பாறை துறைக்குத் துறை வாய்வழியாகப் பரவியிருக்கிறது. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட், ஓஃபியோகிளாசம் போன்ற பெரணிகள் எல்லாவற்றுக்கும் இதே கதி.

ஹெர்பேரியமே வேண்டாம் என்பது என் கருத்து இல்லை. தாவரவியலாளர் கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவரத் தொகுதி நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் 1925இல் இறந்த பின் ஃபிஷர் என்ற இன்னொரு தாவரவியலாளர் அதை முடித்தார். உலர்ந்த தாள்கள் இல்லாமல் அந்த நூலே இல்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையிடம் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியமும், திருச்சி புனித வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ கட்டியெழுப்பிய ராப்பினாட் ஹெர்பேரியமும் நம் மாநிலத்தின் பெருஞ்செல்வம். அங்கு முறையாகச் சேர்த்த தாள்களில் சேகரித்தவர் பெயர், வரிசை எண், இடம், உயரம், தேதி, பூவின் நிறம் எல்லாம் இருக்கும். பல பத்தாண்டுகள் கழித்து வரும் ஒருவர் அந்தத் தாளைப் பிரித்து, பூவை நனைத்துக் கிழித்துப் பார்த்து, 'இது அந்த இனம் இல்லை' என்று திருத்த முடியும். புதிய இனத்தை விவரிக்கவும் டிஎன்ஏ எடுக்கவும் தாள் வேண்டும். படம் அதற்கு ஈடாகாது. அதனால்தான் கேட்கிறேன்: வகுப்புக்கு ஓரிரு தாள்களை, ஏராளமாக வளரும் ஒரு செடியைக் கொண்டு, ஆசிரியரே பக்கத்தில் இருந்து, அழுத்துவதிலிருந்து லேபிள் எழுதுவது வரை முறையாகச் செய்யக் கற்றுக்கொடுங்கள். அதைத் துறை ஹெர்பேரியத்தில் எண் போட்டுச் சேருங்கள். மற்ற 398 செடிகளையும் மண்ணிலேயே விடுங்கள்.

இனி, படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். பாடத்திட்டத்தில் 'புகைப்படம் சமர்ப்பிக்க வேண்டும்' என்று ஒற்றை வரி சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது.

19ஆம் நூற்றாண்டில் இதே மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் இந்தியத் தாவரங்களின் 2,101 படங்களை ஆறு தொகுதிகளாக 1838க்கும் 1853க்கும் இடையில் வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். அந்தப் படங்களில் ஒன்றைப் பாருங்கள். கிளை ஒன்று நடுவில் இருக்கும். ஓரத்தில் பிளந்த பூ, மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம், கனி, விதை எல்லாம் தனித்தனியாக இருக்கும். செடியின் எந்த உறுப்பைக் கேட்டாலும் அந்த ஒரு பக்கம் பதில் சொல்லும். இன்று மாணவியின் கையிலிருக்கும் கைப்பேசியால் அந்த வேலையை ஐந்து நிமிடத்தில் செய்ய முடியும். ஆனால் வருகிற படம் என்னவோ, மேலிருந்து எடுத்த ஒற்றைப் பூ. பின்னால் எல்லாம் மங்கல்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு ஊரெல்லாம் அரைத்துக் குடிக்கும் செடி. மேலிருந்து எடுத்த படத்தில் கீழாநெல்லியான பைலாந்தஸ் அமாரஸ், அதன் உறவுகளான பைலாந்தஸ் யூரினேரியா, பைலாந்தஸ் டெபிலிஸ் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். கிளையை விரலால் மெல்லத் திருப்பிப் பிடித்தால்தான் கதை தெரியும். அமாரஸில் கனி வழவழப்பாக, சின்னக் காம்பில் தொங்கும். பூவில் ஐந்து இதழ்கள். யூரினேரியாவில் கனி காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டிக்கொண்டு, மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும், இதழ்கள் ஆறு. டெபிலிஸுக்கும் இதழ் ஆறு, ஆனால் கனி வழவழப்பு. கனியே இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் கேமராவை நெருக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது தாவரவியல் மாணவர்கள் எப்படியும் வாங்கும் கைலென்ஸை கைப்பேசி லென்ஸின் மேல் வைத்து எடுக்க வேண்டும். நாட்டு மருந்துச் சரக்கில் இந்த இனங்கள் கலந்து வருவது ஆய்வுகளில் வெளிவந்த செய்தி. அதனால் கிளையைத் திருப்பி எடுத்த அந்த ஒரு படத்துக்கு மதிப்பு அதிகம்.

கொழிஞ்சியும் அவுரியும் இன்னொரு ஜோடி. காயும் பூவும் இல்லாத பருவத்தில் பலரும் தடுமாறுவார்கள். கொழிஞ்சியின் சிற்றிலை ஒன்றை நுனியைப் பிடித்து இழுத்தால் குறுக்காகக் கிழியாது. பக்க நரம்புகளின் போக்கில் அம்பு முனைபோல் கூராகக் கிழியும். கிழிந்த அந்தச் சிற்றிலையை உள்ளங்கையில் வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் போதும், படத்தைப் பார்க்கிறவர் பேரினத்தை உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால் இதுபோல இன்னும் பல சோதனைகளைச் சொல்வார்கள். யார் சொன்னது, எந்த ஊரில், அவர்கள் அந்தச் செடியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று குறிப்பில் எழுதுவதற்கும் மதிப்பெண் வையுங்கள். வட்டாரப் பெயர்கள் பல எந்த நூலிலும் ஏறாதவை.

மஞ்சள் கரிசலாங்கண்ணியில் நடப்பது உடம்பையே தொடும் விஷயம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, சாலை நடுத்திட்டுகளிலும் வாய்க்கால் ஓரத்திலும் படர்ந்துவிட்ட ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டாவைப் பலர் மஞ்சள் கரிசாலை என்று நம்பி வீட்டில் வளர்த்துக் கீரையாகச் சமைக்கிறார்கள். இரண்டுக்கும் பூ மஞ்சள்தான். அயல்செடியின் இலையில் இருபக்கமும் மடல் பிரிந்திருக்கும், தடித்து மினுங்கும். நம்முடைய ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியாவின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் இருக்காது. பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது கடினம். இலை தெரிந்தால் கேள்வியே எழாது.

ஆகவே, ஒரு செடிக்குக் குறைந்தது முழுச்செடி, தண்டில் இலை அமைந்திருக்கும் விதம், இலையின் அடிப்பக்கம், பூவின் முகம், பூவின் பக்கவாட்டும் புல்லிவட்டமும், கனி என்று கேளுங்கள். தும்பையில் லியூகாஸ் ஆஸ்பெராவையும் அதன் உறவுகளையும் பிரிப்பதே புல்லிவட்டத்தின் வாய் சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதுதான். அதை எடுத்த மாணவர்கள் மிகக் குறைவு. காப்பிக் குடும்பம் என்றால் இரு இலைகளுக்கு நடுவிலிருக்கும் இலையடிச் செதில் வேண்டும். பால் வடிகிறதா, கசக்கினால் என்ன வாசனை என்பதைப் படம் சொல்லாது, எழுதத்தான் வேண்டும். உச்சி வெயிலில் வெள்ளைப் பூ வெறும் வெளிச்சமாகப் போய்விடும், அதனால் தன் நிழலைச் செடிமேல் விழவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். விஷ்ணுகிராந்தி மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும், காலையில் போக வேண்டும். இவையெல்லாம் பிராக்டிகல் வகுப்பில் ஆசிரியர் வாயிலிருந்து வர வேண்டிய பாடம். புல்லிவட்டம், மஞ்சரி, சூலகம் என்று கரும்பலகையில் படித்ததற்குக் களத்தில் அர்த்தம் கிடைப்பது இங்கேதான்.

எண்ணிக்கையைப் பற்றி எச்சரிக்கையாகவே ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து 'ஆளுக்கு 50 பதிவுகள்' என்று மட்டும் விதி எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய இடங்களிலிருந்து என்ன வருகிறது என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு, விடுதி வாசலிலுள்ள தொட்டிச்செடிகள் வரிசையாக ஏறும். செம்பருத்தி, குரோட்டன், மணி பிளான்ட். வளர்ப்புச்செடி என்று குறிக்காததால் அவையெல்லாம் காட்டில் தானாக முளைத்தவையாகப் பதிவாகும். ஒரே படத்தை ஆறு பேர் பகிர்ந்துகொண்டு ஆறு பெயரில் போடுவார்கள். இணையத்திலிருந்து எடுத்த படமும் வரும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்கிறவர்கள் சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தைக் கொடுப்பவர்கள். அவர்களில் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். குப்பை குவிந்தால் அவர்கள் சலித்துப்போய் விலகிவிடுவார்கள், நல்ல பதிவுகளும் பெயரில்லாமல் தேங்கிவிடும். பத்துச் செடி கேளுங்கள், போதும். அதில் இரண்டையாவது பூவிலும் காயிலுமாக இரண்டு முறை போய்ப் பார்த்துப் பதிவிடச் சொல்லுங்கள். ஒரு புல், ஒரு கோரை கட்டாயம் என்று வைத்தால் இன்னும் நல்லது. அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மதிப்பெண்ணைப் பெயர் சரியாக இருப்பதற்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்பதும் என் விண்ணப்பம். செயலியே ஒரு பெயரை முன்மொழிகிறது. மாணவர் முதல் வரியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். கணினி கற்றது தனக்குக் கிடைத்த படங்களிலிருந்துதான். போதிய படங்கள் சேராத இனம் அதன் பட்டியலிலேயே இருக்காது. நம் வறண்ட குன்றுகளின் சிறுபூண்டுகள் பலவற்றுக்கு இதுதான் நிலைமை. அதனால் வேறு ஏதோ ஊர்ச் செடியின் பெயரை நம் செடிக்குச் சூட்டிவிடும். இதைச் சரிசெய்ய நம் செடிகளை நாம்தான் ஒழுங்காகப் படமெடுத்துப் போட வேண்டும், வேறு யார் வருவார்கள்? மாணவர் 'இது இன்ன குடும்பம், இன்ன காரணத்தால்' என்று எழுதி, அதற்கு மேல் தெரியவில்லை என்று நிறுத்தினால் முழு மதிப்பெண் கொடுங்கள். குடும்பம் வரை தெளிவாக வந்த ஒரு பதிவு, தவறான சிற்றினப் பெயரோடு வந்ததைவிடப் பல மடங்கு உதவும்.

ஐநேச்சுரலிஸ்டில் குறைந்தது இருவர் ஒத்துக்கொண்டு, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடன்பட்டால்தான் காட்டுச்செடிப் பதிவு ஆய்வுத்தரம் பெறும். உரிமம் பொருந்தினால் அது ஜிபிஐஎஃப் எனும் உலகப் பல்லுயிர்த் தரவுத் தொகுப்புக்குப் போகும். அரித்துப்போகும் தாளுக்குப் பதிலாக, மாணவியின் பெயரோடு எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு தரவு. பறவைகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளி மாணவர்கள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை சேர்ந்து தமிழ்நாட்டின் பறவைப் பட்டியலை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாவரவியல் துறைகள் இத்தனை இருந்தும் செடிகளுக்கு அப்படி ஒரு பழக்கம் நம்மிடம் வரவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

எங்கள் மதுரைப் பக்கத்தில் இதன் தேவை எனக்கு நன்றாகவே தெரிகிறது. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்து, மக்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அது ரத்தானது. அந்த மாதங்களில் திரும்பத் திரும்ப எழுந்த பேச்சு, 'அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன' என்பதுதான். அரிட்டாபட்டிக்குச் சொல்ல ஒரு பட்டியல் இருந்தது. சுற்றியுள்ள எத்தனையோ குன்றுகளுக்கும் கண்மாய்களுக்கும் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் ஆண்டுதோறும் பதிவுசெய்தால், சில ஆண்டுகளில் பஞ்சாயத்தின் மக்கள் பல்லுயிர் பதிவேட்டுக்கு எடுத்துக் கொடுக்குமளவு பட்டியல் சேர்ந்துவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதி கேட்டு அலைய வேண்டியதும் இல்லை. கண்மாய்க்கரை, வரப்பு, தண்டவாளத்துக்கு வெளியிலுள்ள புறம்போக்கு, புதர் மண்டிய இடுகாடு இவற்றிலேயே ஒரு செமஸ்டருக்கு வேண்டியது இருக்கிறது.

அயல்தாவரங்கள் பரவுவதை முன்கூட்டியே பிடிக்கவும் இதைவிட மலிவான வழி கிடையாது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற அயல் மரம் எவ்வளவு பரவிவிட்டது, அதை வெட்டி அகற்ற வனத்துறை எவ்வளவு பாடுபடுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். தேதியும் இடமும் உள்ள ஒரு படம் புது ஊரில் முதல் மரம் தெரிந்த அன்றே வந்தால், ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கும் வேலை அது.

அப்புறம், ஒரு காவல். அரிய ஆர்க்கிட், செரோபீஜியா, பிரேக்கிஸ்டெல்மா போன்றவற்றின் துல்லியமான இடத்தை வெளியிட்டால் தோண்டி விற்கிறவர்களுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். அச்சுறுத்தலில் உள்ளவை என்று குறிக்கப்பட்ட இனங்களின் இடத்தைத் தளமே மறைத்து, சுமார் 20 கிலோமீட்டர் நீள அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் காட்டும். எல்லா அரிய செடிக்கும் அந்தக் குறி இருக்காது. சந்தேகம் இருந்தால் மாணவரே இடத்தை மறைத்துப் பதிவிட முடியும். அதைக் கட்டாய விதியாகவே எழுதிவிடுங்கள். படத்துக்காகச் சுற்றியுள்ள செடிகளை மிதித்து ஒடிப்பதும் கூடாது.

எல்லா மாணவரிடமும் நல்ல கேமரா உள்ள கைப்பேசி இருக்காது, டேட்டாவுக்குக் காசும் இருக்காது. மூன்று பேர் கொண்ட குழுவாக விட்டால் இது தீரும். ஒருவர் படமெடுக்க, ஒருவர் குறிப்பெழுத, ஒருவர் செடியைத் தேடிச் சோதிக்க, செடிக்குச் செடி வேலையை மாற்றிக்கொள்ளட்டும். துறைக்கு ஒரு கைப்பேசியும் ஒரு மேக்ரோ லென்ஸும் வாங்கி வைப்பது ஹெர்பேரியம் அட்டை, அழுத்துபலகை, பூச்சி மருந்துச் செலவைவிடக் கூடிப்போகாது. வெளித்தேர்வாளர் எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். பதிவை அங்கேயே திறந்து, 'இது ஏன் யூரினேரியா இல்லை?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தச் செடியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தவருக்கு மட்டுமே பதில் வரும்.

நடைமுறைக்கு ஒரே ஒரு யோசனை. வகைப்பாட்டியல் செய்முறையை ஒற்றைப்படை செமஸ்டரில் வையுங்கள். நம் சமவெளியின் சிறுபூண்டுகள் பலவும் பூப்பது வடகிழக்குப் பருவமழையோடுதான். ஆகஸ்டில் இடத்தைத் தேர்ந்து, செப்டம்பரில் படமெடுக்கப் பழகி, அக்டோபரில் மழை விழுந்ததும் களத்துக்குப் போனால் தேர்வுக்குள் பூவும் காயும் இரண்டும் கிடைக்கும். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதை ஒரு வரியாகச் சேருங்கள். முதல் ஆண்டு உங்கள் மாணவர்கள் போடும் பதிவுகளைச் சரிபார்க்கவும், எந்தப் படம் விட்டுப்போயிற்று என்று பொறுமையாகச் சொல்லித்தரவும் என்னைப்போல் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தாவரவியல் படித்த பழைய மாணவி ஒருத்தி,
மதுரை மாவட்டம்